வாயில்லாப் பருப்பு

அறையில் முதல் முறையாக ஆட்டுக்கறி சமைத்த வெள்ளிக்கிழமையே அவர்மீது எனக்கு மனக்கசப்பு வந்துவிட்டது.

துபாயில் அல் கூஸ் பக்கம் எங்கள் கம்பெனியின் கேம்ப் இருந்தது. தகரக் கூரை, பிளைவுட் சுவர், ஓர் அறைக்கு ஆறு பேர். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தேன். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், வருடத்தில் பாதி நாள் கருவேல மரம் தவிர வேறு பச்சை தெரியாத ஒரு பக்கம். அறையில் நாங்கள் தமிழர்கள் நாலு பேர், ஆந்திராக்காரர் ஒருவர். ஆறாவது கட்டிலுக்கு வந்தவர்தான் இவர். லேத் ஓட்டுகிறவர். பம்பாய்க்குப் பக்கத்தில் தானேயிலிருந்து வந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லோரும் அவரை ‘பாய்’ என்றார்கள். தென்னாட்டுக்காரர்களைப் பம்பாயில் கூப்பிடுகிற வழக்கப்படி அவர் என்னை ‘அண்ணா’ என்றார். நாங்கள் பேசிக்கொண்டது இந்தியில். எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அன்றைக்குச் சமையல் முறை என்னுடையது. கறியைத் தயிரில் ஊறப்போட்டு, மிளகு தூக்கலாக வைத்து இறக்கியிருந்தேன். தட்டில் போட்டதும் அவர் கேட்டார்.

“கறியில தயிர் போட்டீங்களா அண்ணா?”

“ஆமா பாய். அப்பத்தான் மெத்துன்னு வேகும்.”

அவர் வேறு தட்டு எடுத்து வெறும் சோறு போட்டு, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவன் தட்டை நகர்த்திவைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். என் அத்தை மகளைக் கட்டிய மச்சானும் அதே அறையில் இருந்தார். அவர் பல்லைக் கடித்தார்.

“பாத்தியா? நம்ம கை பட்டது அவருக்கு ஆகாதாம். கடல் தாண்டி வந்தாலும் இந்தப் புத்தி போகுதா பாரு.”

அடுத்த வாரம் அவர் முறை வந்தது. அவரும் ஆட்டுக்கறிதான் வாங்கிவந்தார். தயிருக்குப் பதிலாகத் தேங்காய் துருவிப் பால் எடுத்து ஊற்றினார். தட்டுகளைப் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கடித்து மீதி வைத்திருந்த துண்டை என் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மச்சான் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாலும் கறியும் சேத்துச் சாப்பிட மாட்டேன். அவ்வளவுதான் அண்ணா. உங்க கை மேல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அவரிடம் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது.

அவர் என்ன மதம் என்பதில் கேம்பில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. தமிழில் பாய் என்றால் முஸ்லிம். இந்தியில் அண்ணன் தம்பி என்றுதான் பொருள். எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. பன்றிக்கறி தொடமாட்டார், கோயில் படத்துக்குக் கும்பிடமாட்டார், ஆகவே முஸ்லிம். ஆனால் பக்கத்து பிளாக்கில் இருந்த பாகிஸ்தான்காரர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் வருவதில்லை என்பதால் கிறிஸ்தவர் என்று நினைத்தார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

மூன்று மாதம் போனபிறகு ஒருநாள் மச்சான் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். அறைக்குப் பொறுப்பு என்று என் பெயரைத்தான் கம்பெனியில் எழுதியிருந்தார்கள்.

“பாய் ஊறல் போடுறாருப்பா. கட்டிலுக்கு அடியில ஒரு டம்ளர். வெள்ளிக்கிழமை காலையில கறுப்புத் திராட்சையத் தண்ணியில போடுறாரு, பொழுது சாய வடிகட்டிக் குடிக்கிறாரு. நானே பாத்தேன். போலீஸ் வந்தா ஆறு பேரையும் அடுத்த பிளேன்ல ஏத்திருவான்.”

கேம்பில் கள்ளத்தனமாகச் சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பயம் எனக்கும் வந்தது. அந்த வெள்ளி சாயங்காலம் மற்றவர்கள் தேராவுக்குக் கடைத்தெரு சுற்றப் போன பிறகு நான் மட்டும் அறையில் தங்கினேன். அவர் முகம் கழுவி வெள்ளைச் சட்டை போட்டார். எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்து அதன்மேல் சுத்தமான கைக்குட்டை ஒன்றைப் போர்த்தினார்.

“என்ன பாய் அது?”

அவர் திடுக்கிட்டார். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

“குடிச்சுப் பாருங்க.”

வெறும் திராட்சைத் தண்ணீர். லேசான இனிப்பு, கொட்டையின் துவர்ப்பு. போதைக்கு அதில் எதுவும் இல்லை.

“இது எங்க வீட்டு ஒயின். ஒயின் கிடைக்காத ஊர்ல, வாங்க வழியில்லாத ஊர்ல, எங்க ஆளுங்க திராட்சைய ஊறவெச்சு இப்படித்தான் செய்வாங்க. இத வெச்சுத்தான் எங்க ஓய்வு நாளான சனிக்கிழமைய வீட்டுக்குள்ள கூப்பிடணும்.” குரலைத் தாழ்த்தினார். “நான் யஹூதி, அண்ணா.”

இந்தியிலும் அரபியிலும் அதே சொல். அதனால்தான் குரல் தாழ்ந்தது. எனக்கு யூதர்கள் என்றால் ஊரில் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் கேட்ட பைபிள் கதைதான். ராஜாக்கள், பாலைவனம், பிளந்த கடல்.

“அவங்க இன்னும் இருக்காங்களா பாய்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “ஒருத்தன் உங்க முன்னாடி உக்காந்திருக்கேனே!”

பிறகு முகம் மாறியது. விசா எடுத்த ஏஜெண்ட் மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவர் என்று போட்டுவிட்டானாம். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. வேலை போனா பரவாயில்ல. வேற ஏதாவது ஆயிடும்.” மச்சானிடம் நான், வயிற்றுக்கு நல்லது என்று குடிக்கிறார், வெறும் திராட்சை என்று சொன்னேன். அது பாதி உண்மை.

வெள்ளி சாயங்காலம் முதல் சனி சாயங்காலம் வரை அவர் அடுப்பைத் தொடமாட்டார். அதுவரை அதை நான் கவனிக்கவில்லை. எப்போதும் யாரிடமாவது முறை மாற்றிக்கொள்வார். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டாமல் இருக்க முடியாது. “தீ மூட்டாம இருக்கிறது ஒண்ணுதான் இங்க என் கையில இருக்கு” என்றார். அன்றிலிருந்து அவருடைய சனிக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். என் ஞாயிறை அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வருடக் கோடையில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், நான் மொச்சை ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பிதுக்குப் பருப்பு என்றால் எல்லோருக்கும் உயிர். ஊறிய மொச்சையை விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிக்கொண்டு பாத்திரத்தில் விழும். அவர் டியூட்டி முடிந்து உள்ளே வந்தார். அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கை கழுவிவந்து எதிரில் உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தார். என்னைவிட வேகமாக.

“உங்க வீட்டுல இது எப்ப செய்வாங்க?” என்று கேட்டார்.

“எப்ப வேணா. மொச்சை கிடைச்சா.”

“எங்க வீட்டுல துக்கத்துக்கு. வருஷத்துல ஒருநாள் பட்டினி இருப்போம், எங்க கோயில் எரிஞ்ச நாளுக்காக. ரெண்டு தடவ எரிச்சிருக்காங்க. அந்த நாளுக்குப் புத்தகத்துல வேற பேர். எங்க பொம்பளைங்க அந்தப் பேர மறந்துட்டாங்க. இந்த மொச்சைக் கொழம்போட பேரையே அந்த நாளுக்கு வெச்சுட்டாங்க.”

“கோயில் எங்க இருந்துச்சு?”

“ரொம்ப தூரம்.” எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெயரை அங்கே வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிதுக்கிக்கொண்டே அன்றைக்கு நிறையச் சொன்னார். அவருடைய முன்னோர்கள் வந்த கப்பல் கொங்கணக் கரையோரம் உடைந்துபோனதாம். ஏழு ஆணும் ஏழு பெண்ணும்தான் கரையேறினார்களாம். வேதப் புத்தகங்கள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. மிஞ்சியது மனப்பாடமாக இருந்த ஒரே ஒரு ஜெபமும், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்பதும்தான். கரையேறியவர்கள் அந்தக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். வாரத்தில் ஒருநாள் செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் அவர்களைச் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்’ என்று கூப்பிட்டார்களாம். 

“புத்தகம் இல்லாதவனுக்கு வாயும் வயிறும்தான் புத்தகம் அண்ணா” என்றார். “எங்கள யஹூதின்னு கண்டுபிடிச்சவங்களும் அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. செதில் இல்லாத மீன இவங்க ஏன் ஒதுக்குறாங்கன்னு ஒருத்தர் பாத்திருக்கார்.”

அவருக்கு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது. படத்தைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்திருந்தார். மனைவி நெற்றியில் பொட்டு இல்லாமல், கழுத்தில் கருகமணியோடு, மராத்திப் பெண்கள்போல் சேலை கட்டியிருந்தார்.

அடுத்த வருடம் நான் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அவர் இளைத்திருந்தார். கேட்டதற்கு ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். மராத்தி. எனக்குப் படிக்கத் தெரியாது. அவரே சொன்னார்.

அவருடைய மனைவியின் அண்ணன்கள் இருவரும் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போகிறார்கள். அவர்கள் தெருவில் பாதி வீடு ஏற்கெனவே காலி. மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன்களோடு போக முடிவுசெய்துவிட்டார். நீங்களும் வாருங்கள் என்று முதலில் எழுதினார். இரண்டு வருடம் பொறு, கையில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் பதில் போட்டார். இப்போது தேதி குறித்துவிட்டார்கள்.

“போகட்டும் பாய். நீங்க ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ச் சேந்துக்கங்க.”

“உங்களுக்குத் தெரியல அண்ணா. அந்த ஊரு முத்திரை பாஸ்போர்ட்ல விழுந்தா இங்க திரும்ப வர முடியாது. இங்கேருந்து அங்க போன் கிடையாது. தபாலும் கிடையாது. நான் ஒரு லெட்டர் போட்டா அது போற இடம் போலீஸ் ஸ்டேஷன்தான்.”

லீவு கேட்டார். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. ஆள் மாற்றிக்கொடுக்காமல் விடமாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வழியனுப்பக்கூட அவரால் போக முடியவில்லை.

அவர்கள் பம்பாயிலிருந்து விமானம் ஏறிய நாள் ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே என்னிடம் வந்தார். “நீங்க ஊர்லேருந்து அவல் கொண்டுவந்தீங்கல்ல?”

எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு அவலும் அம்மா கட்டிக் கொடுத்த கருப்பட்டியும். டியூட்டி முடிந்து வந்ததும் அவலைக் கழுவிப் பிழிந்து, தேங்காய் துருவிப் போட்டு, கருப்பட்டியைத் தட்டிக் கலந்து, ஏலக்காயும் முந்திரியும் சேர்த்து ஒரு தாம்பாளத்தில் குவித்தார். சுற்றிலும் ஐந்து வகைப் பழம் வைத்தார். வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, பேரீச்சை. பிரயாணம் கிளம்பும்போதும், கல்யாணத்துக்கு முன்பும், நோய் தீர்ந்தாலும் இதைச் செய்வார்களாம். தேரேறி வானத்துக்குப் போன ஒரு நபிக்கான நன்றியாம். அவர் போகிற வழியில் கொங்கணத்தில் இறங்கினார் என்றும், குதிரைக் குளம்பு பட்ட தடம் அங்கே ஒரு பாறையில் இருக்கிறது என்றும் சொன்னார்.

“இதுக்குப் பத்து ஆம்பளைங்க வேணும்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். “ஆறு பேர்தான் இருக்கோம். அதுலயும் எங்க ஆளு நான் ஒருத்தன்தான். நபிக்கு எண்ணத் தெரியாதுன்னு வெச்சுக்குவோம்.”

எல்லோரும் கை கால் கழுவி வட்டமாக உட்கார்ந்தோம். அவர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாய்க்குள் எதையோ பாடினார். மச்சான் பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பாய் வீட்டார் பயணம் போகிறார்கள், அதற்காக ஃபாத்திஹா ஓதுகிறார் என்று ஆந்திராக்காரருக்குக் காதோடு விளக்கமும் சொன்னார். தின்றதும் மச்சான் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏப்பா, இது நம்ம கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்யிற அவலு மாதிரியில்ல இருக்கு!”

பாய் எல்லோருக்கும் இரண்டாம் தடவை அள்ளி வைத்தார். அவர் மட்டும் ஒரு பிடி அவலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல், பிளேன் இப்போது எங்கே பறக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடலுக்கு மேலேதான் இருக்கும் என்றேன்.

அதன்பிறகு கடிதங்கள் சுற்றிவளைத்து வந்தன. மனைவி அங்கிருந்து தானேயில் இருந்த நாத்தனாருக்கு, அதாவது பாயின் அக்காவுக்கு, எழுதுவார். அக்கா அதைத் தன் கையெழுத்தில் வேறு தாளில் எழுதி, ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துபாய்க்குப் போடுவார். எங்கு பார்த்தாலும் ‘அங்கே’ என்றுதான் இருக்கும். அங்கே குளிர் அதிகம். அங்கே பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். மனைவி எழுதிய வரிகளை அக்காவின் எழுத்தில் படிப்பது, ஒருத்தி பேசுவதை இன்னொருத்தி குரலில் கேட்பதுபோல் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார். அங்கே புது வீட்டுக்குப் போனபோது மனைவி அவல் எங்கும் கிடைக்காமல் அரிசியை ஊறவைத்து ஏதோ செய்து படைத்திருக்கிறார். வேறு தேசத்திலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, இது இந்துக்கள் சாமிக்கு வைப்பது, நம்முடையது இல்லை, நீங்கள் நிஜமாகவே யூதர்கள்தானா என்று கேட்டாராம். மகள் பள்ளிக்கு டிபன் கொண்டுபோக மாட்டேன் என்கிறாளாம். மஞ்சள் வாசனை அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம்.

“கப்பல் உடைஞ்சு எல்லாம் போச்சு, இது ஒண்ணுதான் மிஞ்சிச்சுன்னு கட்டிக் காத்தோம்” என்றார். “இங்க நான் மறைச்சு சாப்பிடுறேன். என் பொண்ணு அங்க போயும் மறைச்சு சாப்பிடுறா. அப்புறம் எதுக்கு அண்ணா அவ்ளோ தூரம்?”

கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தபால் கொண்டுவரும் டிரைவர் கட்டிலில் ஒரு உறையைப் போட்டுவிட்டுப் போனார். அறையில் நாங்கள் இருவர்தான். நான் அடுப்படியில் குழம்புக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். மைசூர்ப் பருப்பு இன்னொரு அடுப்பில். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனதால்தான் எட்டிப்பார்த்தேன்.

அவர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“என்ன பாய்?”

“அவ போயிட்டா. மஞ்சக்காமாலை. பத்து நாள்ல முடிஞ்சுபோச்சு.” பிறகு அதே குரலில், “நாப்பத்தோரு நாள் ஆச்சு அண்ணா” என்றார்.

நான் தோளைப் பிடித்தேன். அவர் அழவில்லை. எழுந்து கட்டிலிலிருந்து மெத்தையை எடுத்து மூலையில் சாய்த்தார். செருப்பைக் கழற்றினார். வெறும் தரையில் உட்கார்ந்து, அலாரம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டார்.

“எங்க சட்டம் ஏழு நாள் தரையில உக்காரணும். வீட்ட விட்டு வெளிய போகக்கூடாது. ஜனங்க வந்து பக்கத்துல உக்காருவாங்க. ஆனா செய்தி முப்பது நாள் தாண்டி வந்தா ஏழு நாள் கிடையாது. ஒரு மணி நேரம்தான். எங்க அப்பா சொல்லியிருக்கார்.” கடிகாரத்தைப் பார்த்தார். “சூரியன் விழறதுக்குள்ள முடிக்கணும். அப்புறம் சனிக்கிழமை ஆரம்பிச்சுடும். அதுல துக்கம் கூடாது.”

பதினாலு வருடம் வாழ்ந்த மனைவிக்கு ஒரு மணி நேரம். நானும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அவர் அடுப்புப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

“முட்டை வெச்சிருக்கீங்களா?”

“வெந்துக்கிட்டு இருக்கு.”

“ரெண்டு குடுங்க. உப்பு போடாத பருப்பு இருந்தா அதுவும். துக்கக்காரன் முதல் சாப்பாட்டை அவன் சொந்தமா சமைச்சு சாப்பிடக்கூடாது. அடுத்த வீட்டுக்காரங்க கொடுக்கணும்.”

எங்கள் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும். முட்டையை உரித்து, பருப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். வெந்ததும் வேகாததுமாகச் சில பருப்புகள் முழுசாக மிதந்தன. அவர் ஒன்றை விரலில் எடுத்துப் பார்த்தார்.

“மொச்சைக்கு, கடலைக்கு எல்லாம் ஒரு வாய் மாதிரி கீறல் இருக்கும். இதுக்கு இல்ல பாருங்க. துக்கக்காரனுக்கும் வாய் கிடையாது. அதான் இத கொடுக்கிறது.”

சாப்பிட்டார். பாதியில் உடல் குலுங்க ஆரம்பித்தது. முட்டை வாயில் இருக்க, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். யாராவது என்ன என்று கேட்டால் எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்று சொல்லவேண்டி வரும். அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு மணி நேரமும் அப்படித்தான் போயிற்று. அலாரம் அடித்தது. அதை நிறுத்திவிட்டு எழுந்து, முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். லேத்தில் ஒரு வேலையை முடித்து இறக்கும்போது சொல்கிற அதே சொல்.

மறுநாள் காலை எங்களோடு வண்டியில் ஏறி டியூட்டிக்கு வந்தார். மச்சானிடமும் மற்றவர்களிடமும் மனைவி தானேயில் இறந்துவிட்டதாக ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். அந்த வருடம் லீவில் போன மச்சான் ஏர்வாடி தர்காவில் அந்த அம்மா பெயரைச் சொல்லிச் சர்க்கரை வாங்கி ஓதவைத்துவந்தார். திரும்பிவந்து அந்தச் சர்க்கரையைப் பொட்டலமாகப் பாயின் கையில் கொடுத்தார். பாய் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரை விடுவிக்கக் கம்பெனிக்கு ஆறு மாதம் ஆனது. மகளுக்குப் பதிமூன்று வயது ஆகியிருந்தது, மாமன்கள் வீட்டில் இருந்தாள். கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே நான் உங்களுக்கு எழுத முடியாது. அக்கா வழியா கேட்டுக்கங்க” என்று ஒரு முகவரியைக் கொடுத்தார். விமான நிலையத்துக்குப் போன வண்டியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த லீவில் நான் பம்பாய் வழியாகப் போனேன். மெட்ராஸ் ரயில் அடுத்த நாள்தான். முகவரியைக் காட்டி விசாரித்துத் தானேக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டில் பாதிச் சாமான்கள் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. அவரும் மகனோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொன்னதும் உட்காரவைத்துச் சோறு போட்டார். மீன் குழம்பு, தேங்காய்ப்பால் ஊற்றியது. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அன்னிக்கு அவனுக்கு முட்டையும் பருப்பும் கொடுத்தது நீங்கதானே?”

“ஆமாக்கா.”

“அழுதானா?”

“அழுதார்.”

அவர் சேலை முனையை விரலில் சுற்றினார். “அவ போன அன்னிக்கே எனக்குத் தந்தி வந்துடுச்சு அண்ணா. நான்தான் எழுதல. ஏழு நாள் அவன் எங்க உக்காருவான்? அந்த கேம்ப்லயா? ஏன் உக்காந்திருக்கேன்னு கேட்டா என்ன சொல்லுவான்? வேலைக்குப் போனா பாவம்னு நெனைப்பான், போகலேன்னா மாட்டிக்குவான். காலண்டர்ல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். முப்பத்தோராம் நாள் தபால் பெட்டியில போட்டேன்.”

பிசைந்துகொண்டிருந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அங்க போனதும் மச்சினன்காரன் சொல்லிட்டான், நாங்க அன்னிக்கே தந்தி அடிச்சோமேன்னு. அவன் எனக்கு ஒரே ஒரு லெட்டர் போட்டான். ‘அந்த ஏழு நாள் என்னோடது. அத எடுக்க நீ யாரு’ன்னு. அப்புறம் எழுதறதே இல்ல.” என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். “பொண்ணு அவனோட சரியா பேசுறதில்லையாம். மராத்தி மறந்துட்டாளாம். அவ மாமன் பிள்ளைங்க என் பையனுக்கு எழுதுறாங்க. நான் செஞ்சது தப்பா அண்ணா?”

அலாரம் அடித்ததும் அவர் எழுந்து செருப்பு போட்டது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏழு நாள் அவரை அங்கே உட்கார விட்டிருப்பார்களா என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

“தெரியலக்கா” என்றேன்.

தலையை ஆட்டினார். ரயிலுக்கு என்று பூரி கட்டிக் கொடுத்தார். அங்கே போய்த் தம்பியைப் பார்த்ததும் எழுதுகிறேன் என்றார். என் ஊர் முகவரியை ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டார்.

கடிதம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, வீடு மாறாமல் இருக்கலாம் என்ற நப்பாசையில், அந்தத் தானே முகவரிக்கு நான் ஊரிலிருந்து ஒரு கடிதம் போட்டேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. உறையின்மேல் தபால்காரர் மராத்தியில் என்னவோ எழுதியிருந்தார். அதைப் படித்துச் சொல்ல எங்கள் ஊரில் யாரும் இல்லை.